மச்சானுக்குப் பிஸ்டல் வேண்டாம், பெல்ட் வாங்குங்கள்

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தலவாக்கலைப் பக்கத்துத் தம்பி ஒருவர் கேட்கிறார்: மச்சான் தியத்தலாவை இராணுவக் கழகத்தில் கெடெட் பயிற்சி முடித்து இரண்டாம் லெப்டினன்டாக வெளியே வரப்போகிறார், அந்தத் தோட்டத்தில் இருந்து அப்படிப் போன முதல் ஆள் அவர்தான், அதனால் வீட்டில் எல்லோரும் காசு சேர்த்து உருப்படியாக ஏதாவது வாங்கிக் கொடுக்க நினைக்கிறார்கள்; இராணுவத்தில் இருப்பவருக்கு எந்தப் பிஸ்டல் நல்லது, அதற்கு எந்த உறை நல்லது?

நான் பட்டாளத்துக்காரன் இல்லை. பண்டாரவளையில் தோல் வேலை செய்கிறவன். அப்பா காலத்தில் கடை ஓடியது சப்பாத்தாலும் பள்ளிக்கூடப் பையாலும், என் காலத்தில் பெல்ட்டாலும் உறையாலும். தியத்தலாவை பக்கத்திலேயே இருப்பதால் முப்பது வருடமாக ஓஃபிசர்மார் வந்து போகிறார்கள். அவர்கள் பிஸ்டலைக் கடைக்குக் கொண்டுவருவதில்லை, நானும் கேட்பதில்லை. மரத்தில் கடைந்த மாதிரிகள் வைத்திருக்கிறேன், அதன் மேல்தான் தோலை நனைத்துப் பதிப்பது. அதனால் சுடுவதைப் பற்றி நான் சொல்வது அவர்களிடம் கேட்டது, உறையைப் பற்றிச் சொல்வது என் கையில் பட்டது. அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.

பிஸ்டலை முதலில் முடித்துவிடலாம், ஏனென்றால் அதில் உங்களுக்கு வேலையே இல்லை. மச்சானுக்கு எந்தப் பிஸ்டல் என்பதை அவருடைய படைப்பிரிவின் ஆயுதக் கிடங்கு தீர்மானிக்கும், கையெழுத்துப் போட்டு எடுப்பார், கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுப்பார், அவ்வளவுதான். வீட்டார் கடையில் வாங்கிக் கொடுக்கிற சாமான் இல்லை அது. நம் இலங்கையில் இன்னும் 1916ஆம் ஆண்டில் வந்த துப்பாக்கிக் கட்டளைச் சட்டம்தான் நடக்கிறது, அனுமதிப்பத்திரம் வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும், பயிர் காக்க ஒரு சொட்கன் எடுப்பதற்கே எத்தனை கையெழுத்து என்று தோட்டத்தில் மரக்கறி போடுகிற எவரிடமும் கேட்டுப் பாருங்கள். (அனுமதி இல்லாமல் பன்றிக்குக் கயிறு தட்டினால் வெடிக்கிற கட்டுத்துவக்கு வைத்து, விடியக் காலையில் கொழுந்துக்குப் போன ஆளின் முழங்காலைப் பதம் பார்த்த கதை ஊவாவில் ஊருக்கு ஒன்று இருக்கிறது.)

சரி, ஆனாலும் எது நல்லது என்று கேட்டதற்குப் பதில் வேண்டும்தானே. பெரிய இராணுவங்கள் எதை எடுத்தன என்று பார்த்தால் ஒரு விஷயம் விளங்கும். அமெரிக்கர்கள் 1911ஆம் ஆண்டு .45 பிஸ்டலை எழுபது வருடத்துக்கு மேல் வைத்திருந்து, 1985இல் 9 மிலிமீற்றர் பெரெட்டாவுக்கு மாறி அதற்கு எம்9 என்று பேர் வைத்தார்கள்; 2017 ஜனவரியில் அதையும் விட்டு சிக் சௌவர் பி320ஐ எடுத்தார்கள், நீளமானது எம்17, கட்டையானது எம்18. பிரிட்டிஷ்காரர்கள் பிரௌனிங் ஹை பவரை அரை நூற்றாண்டு சுமந்துவிட்டு 2013இல் குளொக் 17க்கு வந்தார்கள், 25,000க்கு மேல் வாங்கினார்கள். பிரான்ஸ் 2020இல் அதே குளொக் 17இன் ஐந்தாம் தலைமுறையை எடுத்தது, 74,000க்கு மேல். குளொக் முதன்முதலில் இராணுவத்துக்குப் போனது 1982இல், சொந்த நாடான ஆஸ்திரியாவில். இந்தியாவில் இஷாப்பூர் தொழிற்சாலை செய்கிற பிஸ்டல் இன்றும் பிரௌனிங்கின் வாரிசுதான்.

இதில் ஒன்றுகூட ஓடாத பிஸ்டல் இல்லை. அந்த .45ஐத் தவிர எல்லாம் 9 மிலிமீற்றர் ரவை (தோட்டா) போடுகிறவை, எல்லாம் 25 மீற்றருக்குள் சுடுகிறவன் கை சரியாக இருந்தால் போதும் என்கிற சாமான். இராணுவங்கள் பார்ப்பது விலை, உதிரிப்பாகம், நாளைக்கு ஒரு பத்தாயிரம் பேருக்கு ஒரே பாடத்தைச் சொல்லிக்கொடுக்க முடியுமா என்பது. ஒரு ஆளுக்கு எது நன்றாகப் பொருந்தும் என்பது அந்தப் பட்டியலில் கடைசியில் இருக்கும். வித்தியாசம் எங்கே தெரியும் என்றால் இடுப்பிலும் விரலிலும். குளொக் மகசின் (ரவை அடுக்குகிற பெட்டி) இல்லாமல் ஏறத்தாழ 630 கிராம், பெரெட்டா வெறுமையாகவே ஏறத்தாழ 950 கிராம், ரவை நிரப்பினால் ஒரு கிலோ சீனிப் பையைத் தாண்டிவிடும். காலையில் கட்டினால் இரவில்தான் கழற்றுவது, அந்த முந்நூறு கிராம் பொல்லாதது.

விரல் கதை இன்னும் முக்கியம். பெரெட்டாவில் முதல் தடவை விசையை (ட்ரிகர்) இழுக்க நீளமாகவும் கனமாகவும் இழுக்க வேண்டும், ஐந்து கிலோவுக்கு மேல் வரும். வெடித்ததும் மேலே இருக்கிற சறுக்குப் பகுதி பின்னால் ஓடி, தானாகச் சுத்தியலைப் பின்னுக்குத் தள்ளிவிடுவதால் இரண்டாம் வெடி லேசு. அதாவது ஒரே பிஸ்டலில் இரண்டு விசை. அதோடு பிடியும் தடிப்பு. கை சின்ன ஆளுக்கு முதல் வெடிக்கு விரலை எட்டவைப்பதே பாடு, பிடியைத் திருகிப் பிடிப்பார், குண்டு பக்கவாட்டில் போகும். குளொக்கில் முதல் வெடிக்கும் பதினேழாவது வெடிக்கும் ஒரே இழுப்பு, இரண்டரைக் கிலோ அளவு. நான்காம் தலைமுறையில் இருந்து பிடியின் முதுகில் மாட்டுகிற துண்டுகளும் வருகின்றன, கைக்கு ஏற்ப மாற்றலாம். தேர்ந்தெடுக்க எனக்கு உரிமை தந்தால் புதிதாகப் பழகும் ஒருவருக்கு நான் குளொக்கைத்தான் சொல்வேன். ஆனால் மச்சானிடம் அந்த உரிமை இல்லை என்பதை மறக்கக்கூடாது, கொடுத்ததைத்தான் கட்ட வேண்டும்.

அவர் உண்மையில் மனப்பாடம் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது: சேஃப்டி எந்தப் பக்கம் போனால் சுடும் என்பது. பெரெட்டாவில் அந்த நெம்பு மேலே சறுக்குப் பகுதியில் இருக்கிறது, கீழே தள்ளினால் பூட்டு, மேலே தள்ளினால் சுடும். பிரௌனிங்கிலும் எம்17இலும் அது கீழே சட்டத்தில் இருக்கிறது, அங்கே கீழே தள்ளினால்தான் சுடும். நேர்மாறு! குளொக்கில் கையால் தள்ளுகிற நெம்பே இல்லை, விசையின் நடுவிலேயே ஒரு சின்ன நாக்கு, விரல் முழுதாக விழுந்தால்தான் அது விடும். ஒரு பிரிவில் ஒன்று, இடமாற்றத்தில் இன்னொன்று என்று வந்தால் பழைய பழக்கத்தில் பெருவிரல் தப்பாகப் போகும். இதை நான் அறிந்தது உறையால்தான்; வார் சேஃப்டிக்கு மேலே குறுக்காகப் போகிற மாதிரித் தைத்தால், எடுக்கும்போதும் வைக்கும்போதும் வார் அந்த நெம்பை நகர்த்திவிடும். பெரெட்டாவுக்குத் தைத்த முதல் இரண்டு உறையை அதற்காகவே பிரித்தேன்.

பிரித்தது பற்றிப் பேசும்போது நான் செய்த ஒரு பெரிய பிழையையும் சொல்லிவிடுகிறேன், அதுதான் இந்தப் பதிலின் உயிர். நல்ல மென்மையான தோல் ஒரு தரம் கிடைத்தது, கைக்கு வெண்ணெய் மாதிரி. இரண்டரை மிலிமீற்றர்கூட இருக்காது. ஒரு ஓஃபிசர் சேர் குளொக்குக்கு உறை கேட்டார், இலேசாக வேண்டும் என்றார், நானும் தைத்துக் கொடுத்துவிட்டேன். ஒன்றரை வருடம் கழித்து அதே உறையை ஒரு பொலித்தீன் பையில் போட்டுக்கொண்டு வந்து மேசையில் வைத்தார், ஒன்றும் பேசவில்லை. வாய்ப்பக்கம் தொய்ந்து, பெருவிரல் படுகிற இடத்தில் தோல் உள்ளே மடிந்து, நாய்க்குட்டியின் காது மாதிரி ஒரு மடிப்பு. பிஸ்டலைத் திருப்பி உள்ளே தள்ளும்போது அந்த மடிப்பு விசையைச் சுற்றியிருக்கிற காப்பு வளையத்துக்குள் நுழைந்திருக்கிறது. நான் என் விரலை விட்டுப் பார்த்தேன், தோல் மடிப்பு அளவிலும் விறைப்பிலும் ஒரு விரலேதான். பிஸ்டல் குழலின் பின் அறையில் ரவை இல்லாத நேரம் என்பதால் 'க்ளிக்' என்ற சத்தத்தோடு போயிற்று. அறையில் ரவை இருந்திருந்தால் தொடையில் இருந்து முழங்கால் வரைக்கும் ஒரு வழி. அந்த சேர் திட்டவில்லை, காசும் திருப்பிக் கேட்கவில்லை. "இதைச் சுவரில் மாட்டி வை" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். மாட்டித்தான் வைத்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு பிஸ்டலின் பேரைக் கேட்டு நான் மயங்குவதில்லை. குளொக் தானாக வெடிக்காது, ஆனால் விசையில் எது விழுந்தாலும் விரல் என்றே நினைக்கும். மற்றப் பக்கமும் இருக்கிறது: பி320 கீழே விழுந்தால் சில கோணத்தில் வெடிக்கலாம் என்று 2017இல் தெரியவந்து கொம்பனியே விசைப் பாகங்களை மாற்றிக் கொடுத்தது, 2025 ஜூலையில் ஒரு விமானப்படை வீரர் இறந்த பிறகு அமெரிக்க விமானப்படையின் ஒரு கட்டளைப் பிரிவு எம்18ஐக் கொஞ்சக் காலம் நிறுத்திவைத்து, எல்லாவற்றையும் பரிசோதித்து, அடுத்த மாதம் திரும்பக் கொடுத்தது. அந்த மரணத்துக்காகப் பிறகு இன்னொரு வீரர் கைதானார்; ஆனாலும் பி320இல் பொதுவாகப் பிழை சாமானிலா மனிதனிலா என்று இணையத்தில் இன்றும் மல்லுக்கட்டுகிறார்கள். எதுவாக இருந்தாலும் சரி, விசையை முழுதாக மூடுகிற, வாய் தொய்யாத உறைதான் இடுப்பில் இருப்பவனுக்கு மிஞ்சுவது.

இப்போது உறைக்கு வருவோம். நான் ஒரு உறையைக் கையில் எடுத்தால் முதலில் பார்ப்பது வாய். பிஸ்டல் இல்லாத நேரத்திலும் வாய் திறந்தே நிற்க வேண்டும், ஏனென்றால் திருப்பி வைக்கும்போது மற்றக் கை வேறு வேலையில் இருக்கும், ஒரு கையால் முடிய வேண்டும். தோல் என்றால் வாயைச் சுற்றி இன்னொரு பட்டை தைத்து உள்ளே தகடு வைப்போம். அடுத்தது விசைக் காப்பு: வெளியில் இருந்து ஒரு குச்சியாலும் விசையைத் தொட முடியக்கூடாது. அதற்கு அடுத்தது பிடி. பிஸ்டல் உறைக்குள் இருக்கும்போதே முழுக் கையும் பிடியைச் சுற்றிப் போகிறதா என்று பாருங்கள்; நிறைய மலிவு உறைகளில் நடுவிரல் உறையின் விளிம்பில் இடிக்கும், எடுத்த பிறகு பிடியைச் சரிசெய்ய வேண்டியிருக்கும், அதற்குள் எல்லாம் முடிந்துவிடும். கடைசியாக, வெறும் பிஸ்டலைப் போட்டுக் கட்டிலின் மேலே தலைகீழாகப் பிடித்து உலுக்குங்கள். விழுந்தால் அந்த உறையைத் திருப்பிக் கொடுங்கள்.

தையலையும் பாருங்கள், என் தொழில் என்பதால் சொல்லாமல் விட முடியாது. மெஷினில் அடித்த தையல் ஒரு இடத்தில் அறுந்தால் இழுத்துக்கொண்டே போகும். கையால் இரண்டு ஊசி போட்டு, குத்தூசியால் துளைத்து, மெழுகு நூலை இரண்டு பக்கமும் குறுக்காகக் கோத்துத் தைத்தால் ஒரு நூல் அறுந்தாலும் மற்றது பிடித்து நிற்கும். தோல் மூன்று, மூன்றரை மிலிமீற்றருக்குக் குறையக்கூடாது. இதுக்கு மேல் தோலைப் புகழ்ந்தால் சொந்தக் கடைக்கு விளம்பரம் போடுகிறேன் என்பீர்கள், ஆகவே தோலின் குறையையும் சொல்கிறேன்.

தோல் தண்ணீர் குடிக்கும். இது கொழும்பில் பெரிய விஷயம் இல்லையோ தெரியாது, நமக்குப் பெரிய விஷயம். மே மாதம் தொடங்கினால் தென்மேல் பருவமழை ஹற்றன், மஸ்கெலியா, நுவரெலியாவை நனைக்கும், டிசம்பர் வந்தால் வடகீழ் பருவமழை எங்கள் ஊவாப் பக்கம் திரும்பும், இரண்டுக்கும் நடுவில் அப்புத்தளை மூடுபனி. 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிற நுவரெலியாவில் ஒரு கிழமை அலுமாரியில் விட்ட தோல் பெல்ட்டில் பூஞ்சணம் பிடித்துச் சாம்பல் பூத்ததை நீங்களே பார்த்திருப்பீர்கள். அந்த ஈரத்தைத் தோல் பிஸ்டலுக்குக் கொடுக்கும், பழைய பிரௌனிங் மாதிரி நீலம் போட்ட இரும்பில் இரண்டு நாளில் துரு தெரியும். தோலைப் பதனிடப் போடுகிற பட்டைச் சாறும் சும்மா இருக்காது, பித்தளை ரவையில் பச்சைக் களிம்பு ஏறும். அதனால் தோல் உறை என்றால் கட்டுவதற்கு மட்டும், பிஸ்டலை அதற்குள் வைத்து இரவு முழுக்க விடக்கூடாது. நனைந்தால் அடுப்புக்குப் பக்கத்தில் காயவைக்காதீர்கள், சுருங்கிப் பலகையாகிவிடும். உள்ளே பேப்பரைத் திணித்து நிழலில் விடுங்கள்.

கைடெக்ஸ் என்று ஒரு பிளாஸ்டிக் தகடு இருக்கிறது, சூடாக்கிப் பிஸ்டலின் மேலேயே அழுத்தி வடிவெடுப்பார்கள். மழைக்கு அது அசையாது, வாய் தொய்யவே தொய்யாது, துடைத்தால் காய்ந்தது. உண்மையைச் சொன்னால் களத்துக்கு அதுதான் சரி, தோல் பெரேட்டுக்கும் கந்தோருக்கும். அதற்கும் குறை இல்லாமல் இல்லை. மாலியில் ஐ.நா. அமைதிப்படையில் இருந்துவிட்டு வந்த ஒருவர் தன்னுடையதைக் காட்டினார், உள்ளே போன மணல் வெளியே வராமல் பிஸ்டலின் பக்கமெல்லாம் அரத்தால் உரசின மாதிரி இருந்தது. வெயிலில் நிறுத்திய வாகனத்தின் டேஷ்போர்டில் விட்டால் வளைந்தும் போகும். நைலோன் உறை மலிவு, இலேசு, ஆனால் நான் முன்னே சொன்ன நாய்க்காது மடிப்பு அதில்தான் சீக்கிரம் வரும். மூடி போட்ட உறையைப் பழசு என்று சிரிக்கிறார்கள்; காட்டுக்குள்ளே மழையில் நாள் முழுக்க நடக்கிறவருக்கு, கையில் ரைஃபிள் இருக்கிறவருக்கு, பிஸ்டலை அவசரமாக எடுக்கிற தேவை அபூர்வமாக வருகிறவருக்கு அந்த மூடி சேற்றையும் இலையையும் தடுக்கும். அமெரிக்கர்களே பெரெட்டாவோடு முதலில் கொடுத்தது மூடி போட்ட பியாங்கி உறையைத்தான்.

இனி, பிஸ்டலை உறைக்குள் பிடித்துவைக்கிற பூட்டு விஷயம். கடைக்காரர்கள் 'லெவல் 2, லெவல் 3' என்று சொல்வார்கள். இது பில் ரோஜர்ஸ் என்கிற முன்னாள் எஃப்.பி.ஐ. அதிகாரி 1970களில் கொண்டுவந்த கணக்கு: உறையில் இருக்கிற பிஸ்டலின் பிடியை இன்னொரு ஆள் ஐந்து செக்கன் முழுப் பலத்தோடு இழுக்கிறான், பிஸ்டலும் உறையும் பெல்ட்டை விட்டு வரக்கூடாது. அதில் நின்றால் ஒன்று. ஒரு பூட்டைத் திறந்துவிட்ட பிறகும் திரும்ப அதே சோதனையில் நின்றால் இரண்டு, இப்படி ஏறும். இப்போது ஒவ்வொரு கொம்பனியும் தன் இஷ்டத்துக்கு எண் போடுகிறது, பூட்டை எண்ணி லெவல் சொல்கிறவர்களும் உண்டு, ஆகவே எண்ணை நம்பாமல் எப்படித் திறக்கிறது என்று பாருங்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. பக்கவாட்டில் ஒரு பொத்தான் இருந்து அதை ஆட்காட்டி விரலால் அமுக்கி எடுக்கிற வகை உறை இருக்கிறது, செர்ப்பா என்ற பேரில் பிரபலம், அதன் நகல்கள் இணையக் கடைகளில் குவிந்து கிடக்கின்றன. அமுக்கிக்கொண்டே இழுக்கும்போது விரல் வளைந்து அப்படியே விசைக்குள்ளே விழுகிறது, காலில் சுட்டுக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவின் கூட்டாட்சிச் சட்ட அமலாக்கப் பயிற்சி நிலையம் அதைத் தடை செய்தது, தனியார் பயிற்சியாளர்கள் பலரும் உள்ளே விடுவதில்லை. அந்தப் பொத்தானுக்கு அடியில் ஒரு சின்னக் கல் மாட்டினால் பூட்டுத் திறக்கவே திறக்காது என்பது இன்னொரு கதை. பெருவிரலால் திறக்கிற வகையை எடுங்கள். சஃபாரிலாண்டின் ஏ.எல்.எஸ். அந்த மாதிரி: பிடியைப் பிடிக்கும்போது பெருவிரல் இயல்பாக விழுகிற இடத்தில் நெம்பு, பிஸ்டலை உள்ளே தள்ளினால் தானாகப் பூட்டிக்கொள்ளும், ஆட்காட்டி விரல் நீட்டியபடியே இருக்கும். அதன் மேலே ஒரு தொப்பி மாதிரி மூடுகிற வகையும் வருகிறது. கூட்டத்துக்குள் நிற்கிறவருக்கு, கைதியோடு போகிறவருக்கு இரண்டும் வேண்டும். கந்தோரில் இருக்கிறவருக்கு ஒன்று போதும்.

எங்கே கட்டுவது? படங்களைப் பார்த்துவிட்டு எல்லோரும் தொடையில் கட்டக் கேட்கிறார்கள். எங்கள் மலையில் பத்து நிமிடம் ஏறினால் போதும், தொடை உறை என்ன செய்யும் என்று தெரியும். ஒவ்வொரு எட்டுக்கும் ஒரு கிலோ காலைப் பிடித்து ஆட்டும், ஓடினால் சுற்றிக்கொண்டு முன்னுக்கு வரும், தேயிலைச் செடிகளுக்கு நடுவே போனால் கிளையில் சிக்கும். முழங்காலுக்குக் கிட்டத் தொங்கவிடுகிற ஆட்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். கவச அங்கி போட்டு அதன் விளிம்பு இடுப்பை மறைக்கிறது என்றால், பெல்ட்டுக்குக் கீழே நாலு விரல் இறங்குகிற மாதிரி ஒரு தொங்கு தகடு, ஒரே ஒரு தொடைப் பட்டி, அது போதும். வாகனம் ஓட்டுகிறவருக்கும் ஹெலியில் இருக்கிறவருக்கும் நெஞ்சில் கட்டுவது வசதி, இருந்தபடியே எடுக்கலாம். ஆனால் எடுக்கும்போது குழல் பக்கத்து சீட்டில் இருக்கிறவரைத் தடவிக்கொண்டு போகும், அதைத் தனியாகப் பழக வேண்டும். மற்ற எல்லோருக்கும் வலது இடுப்பு எலும்புக்குச் சற்றுப் பின்னே. இடது கைக்காரர் என்றால் இடது கை உறைதான், வலது கை உறையைத் திருப்பிக் கட்டிச் சமாளிக்கச் சொல்கிறவரின் பேச்சைக் கேட்காதீர்கள்.

பெண்களுக்கும் ஒரு வார்த்தை. இராணுவ மகளிர் படைப்பிரிவு 1979இல் இருந்து இருக்கிறது, ஆனால் உறை செய்கிறவர்கள் இன்னும் ஆண் இடுப்புக்குத்தான் அளவெடுக்கிறார்கள். இடுப்பு வளைவதால் நேர் உறையில் குழல் வெளியே தள்ளி, பிடி விலா எலும்பில் குத்தும். ஒரு மிஸ் என்னிடம் வந்து சட்டைக்கு மேலேயே விரலை வைத்து இந்த இடம் கன்றிப்போகிறது என்று காட்டினார். ஒன்றரை அங்குலம் கீழே இறக்கி, பெல்ட்டுக்கும் உறைக்கும் நடுவில் ஆப்பு மாதிரி ஒரு தோல் அட்டி வைத்தேன், மேல் பக்கம் தடிப்பு கூட, கீழ்ப் பக்கம் குறைவு. பிடி வெளியே நிமிர்ந்தது, முழங்கையை அவ்வளவு தூக்கவும் தேவைப்படவில்லை. அரை மணித்தியால வேலை, அதை ஏன் தொழிற்சாலையில் செய்வதில்லை என்று இன்றைக்கும் விளங்கவில்லை.

இனி தலைப்பில் சொன்ன பெல்ட். எத்தனை ஆயிரம் ரூபாய்க்கு உறை வாங்கினாலும் தொய்ந்த பெல்ட்டில் மாட்டினால் அது சாயும், எடுக்கும்போது உறையும் சேர்ந்து மேலே வரும், ஏற்கனவே சொன்ன பூட்டுச் சோதனையில் முதலில் தோற்பது பெல்ட்தான். கடமைப் பெல்ட் பெரும்பாலும் 50 மிலிமீற்றர் அல்லது 57 மிலிமீற்றர் அகலம், உள்ளே காற்சட்டைக்குப் போடுவது 38. உறையின் கண் 57க்கு, பெல்ட் 50க்கு என்றால் அந்த ஏழு மிலிமீற்றர் நாள் முழுக்க ஆடும். நல்ல பெல்ட் என்றால் இரண்டு தோல் ஒட்டித் தைத்தது, அல்லது உள்ளே விறைப்பான தகடு வைத்த நைலோன். தட்டையாகப் பிடித்து நீட்டினால் ஒரு முழத்துக்குக் கொடி மாதிரித் தொங்காமல் நிற்க வேண்டும். உள்பெல்ட், வெளிபெல்ட் இரண்டையும் கொக்கித் துணியால் (வெல்க்ரோ) ஒட்டுகிற வகை இப்போது வருகிறது, அது இன்னும் நல்லது. பிஸ்டல் எது வந்தாலும், பிரிவு எது மாறினாலும், இடுப்பு அளவு மாறாத வரைக்கும் அந்தப் பெல்ட் அவரோடு போகும். உறை அப்படி இல்லை. குளொக்குக்கு எடுத்த உறையில் பெரெட்டா போகாது. பிஸ்டலில் டோர்ச் மாட்டினால் அதே குளொக்கே போகாது. பிஸ்டல் தெரியாமல் உறை வாங்குவது கால் அளவு தெரியாமல் சப்பாத்து வாங்குவது போல.

கூடவே ஒரு லான்யார்ட், அதாவது பிஸ்டலைப் பெல்ட்டோடு கட்டுகிற கயிறு. பிடியின் அடியில் இருக்கிற வளையத்தில் ஒரு பக்கம், பெல்ட்டில் மறுபக்கம். பார்க்கப் பழைய காலத்து விஷயம், ஆனால் இருட்டில் பள்ளத்தில் பிஸ்டல் விழுந்தால் ஒரு கம்பனிப் படையே வரிசையில் நின்று புல்லைத் தடவ வேண்டி வரும், விசாரணை வேறு. கையை முழுதாக நீட்டினால் இறுகாத நீளம் வேண்டும், அதற்கு மேல் ஒரு சாணும் வேண்டாம்.

வாங்குவதற்கு முன்னே மச்சானிடம் ஒன்று கேளுங்கள்: சொந்த உறை கட்ட அவருடைய பிரிவில் விடுவார்களா? சில இடத்தில் விடுவார்கள், சில இடத்தில் கொடுத்ததைத் தவிர எதையும் கட்ட முடியாது, புதிதாக வந்த இரண்டாம் லெப்டினன்ட் முதல் கிழமையே பளபளக்கிற வெளிநாட்டு உறையோடு போய் நின்றால் மெஸ்ஸில் ஒரு மாதத்துக்கு அதே பேச்சாக இருக்கும். கமோ நிறத்தில் எதையும் வாங்காதீர்கள், சிவில் ஆட்களின் கையில் அது இருந்தால் வீதியில் கேள்வி வரும். கறுப்பு அல்லது மண்ணிறம். இணையத்தில் இரண்டாயிரம் மூவாயிரத்துக்குக் கிடைக்கிற 'டக்டிக்கல்' உறைகள் விளையாட்டுத் துப்பாக்கிக்குச் செய்தவை, உண்மைப் பிஸ்டலின் கனத்துக்கு அவற்றின் திருகாணிகள் ஆறு மாதம் தாங்காது. நல்ல உறையிலேயே திருகாணி கழலும். மாதத்தில் ஒருநாள் எல்லாவற்றையும் இறுக்கி, திருகாணி கழலாமல் பிடிக்கிற பசை ஒரு துளி விடச் சொல்லுங்கள்.

எதைக் கட்டினாலும் அவர் பழக வேண்டும், அதுவும் வெறும் பிஸ்டலோடு, ரவை அந்த அறையிலேயே இல்லாமல். எடுப்பதை எல்லோரும் பழகுவார்கள், திருப்பி வைப்பதைப் பழக மாட்டார்கள். என் சுவரில் தொங்குகிற உறை எடுக்கும்போது ஒன்றும் செய்யவில்லை, வைக்கும்போதுதான் செய்தது. விரல் வெளியே நீட்டி, உறையின் வாயைக் கண்ணால் பார்த்து, சட்டை நுனியோ ஜெக்கட் கயிறோ உள்ளே மாட்டவில்லை என்று உறுதிசெய்து, மெதுவாக. அதில் அவசரம் காட்டி யாருக்கும் பதக்கம் கிடைத்ததில்லை.

ஆகவே தம்பி, இப்போதைக்குச் சேர்த்த காசில் பெல்ட்டை எடுங்கள், லான்யார்டை எடுங்கள், மிச்சத்தை உறைக்கு என்று வைத்திருங்கள். பெல்ட்டுக்கு அளவு காற்சட்டை சைஸ் இல்லை. அவர் சீருடையோடு நிற்கும்போது காற்சட்டைப் பட்டிக்கு மேலே ஒரு நூலைச் சுற்றி, அந்த நூலை அடிமட்டத்தில் வைத்து அளந்து வாருங்கள். பிரிவுக்குப் போய்க் கையெழுத்துப் போட்ட பிறகு பிஸ்டல் எது, டோர்ச் உண்டா, எந்தக் கை, பெல்ட் அகலம் எத்தனை என்று நாலையும் கேட்டு எழுதி எடுத்துவந்தால் உறையைப் பற்றிப் பேசலாம். சனிக்கிழமை வராதீர்கள், அன்றைக்குப் பள்ளிக்கூடப் பைக்காரர்கள் கூட்டம்.